பேக்கப் சர்வருக்கு எங்கே பேக்கப்?

1990களில் லெகாட்டோ நெட்வொர்க்கர் என்ற பேக்கப் மென்பொருள் ஓடிய கம்ப்யூட்டர் அறைகளில், இரவு வேலை முடிந்ததும் பிரிண்டர் தானாக ஒரு தாளை வெளியே தள்ளும். அதில் சில வரிகள்தான் இருக்கும்: தேதி, நேரம், பேக்கப்பின் நிலை, நீளமாக ஓர் எண், டேப்பில் எத்தனையாவது கோப்பு, எத்தனையாவது ரெக்கார்டு, கடைசியில் டேப்பின் பெயர். விஷயம் தெரியாதவர் கண்ணுக்கு அது வீண் காகிதம். ஆனால் ‘பூட்ஸ்ட்ராப்’ எனப்பட்ட அந்த அறிக்கையைப் பத்திரமாக எடுத்து வைக்கும்படி மென்பொருளின் கையேடு வற்புறுத்தியது.

நிறுவனத்தில் வேறு எந்த சர்வர் விழுந்தாலும் பேக்கப் சர்வர் அதை மீட்டுக் கொடுத்துவிடும். பேக்கப் சர்வரே விழுந்துவிட்டால் என்ன செய்வது? புதிதாக ஓர் இயந்திரத்தைக் கொண்டுவந்து, இயங்குதளத்தையும் நெட்வொர்க்கரையும் நிறுவி, ‘எம்எம்ரிகவ்’ என்ற கட்டளையைக் கொடுக்க வேண்டும். அது கேள்வி கேட்கும்: எந்த டிரைவ், பூட்ஸ்ட்ராப்பின் எண் என்ன, டேப்பில் எந்த இடத்திலிருந்து படிக்கத் தொடங்கலாம்? விடை அந்தத் தாளில் இருக்கிறது. எண்ணைத் தட்டினால் உரிய டேப்பைப் போடச் சொல்லும். சிறிது நேரத்தில் சர்வருக்குத் தன் நினைவு திரும்பிவிடும். தாள் தொலைந்துபோயிருந்தால் ‘ஸ்கேனர்’ என்ற இன்னொரு கட்டளையோடு உட்கார்ந்து, கடைசி பூட்ஸ்ட்ராப் எந்த டேப்பில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

பேக்கப் சர்வரின் பொறுப்பில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, டேப்பிலும் டிஸ்க்கிலும் கிடக்கும் நகல்கள். மற்றது கேட்டலாக். எந்த இயந்திரத்தின் எந்தக் கோப்பு, எந்த நாளில், எந்த டேப்பின் எந்த இடத்தில் எழுதப்பட்டது என்ற குறிப்பு அது. நகல்களோடு ஒப்பிட்டால் அதன் அளவு மிகச் சிறியது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஆயிரம் தொகுதிகள் அடுக்கியிருந்தாலும், பெயர்வாரியாகவும் சர்வே எண்வாரியாகவும் அட்டவணை இல்லாவிட்டால் ஒரு மனைக்குக்கூட வில்லங்கம் பார்க்க முடியாது. கேட்டலாக் இல்லாத டேப்புகளின் நிலையும் அதுதான்.

சொல்லப்போனால் டேப்பின் நிலை இன்னும் மோசம். டிரைவ் நின்று நின்று ஓடாமல் இருக்க, பல இயந்திரங்களிலிருந்து வரும் தரவைக் கலந்து ஒரே டேப்பில் எழுதுவது வழக்கம். ஒருவரின் சம்பளப் பட்டியலும் இன்னொருவரின் மின்னஞ்சலும் துண்டு துண்டாகப் பின்னிக் கிடக்கும். கேட்டலாக்கைப் புதிதாகக் கட்ட வேண்டுமானால் டேப்பை முதல் அங்குலத்திலிருந்து கடைசி வரை படிக்க வேண்டும். எல்டிஓ-9 வகை டேப் ஒன்றில் சுருக்காத தரவு 18 டெராபைட் கொள்ளும். அதன் முழு உயரமுள்ள டிரைவ் நொடிக்கு 400 மெகாபைட் வேகத்தில் படிக்கும். ஒரு டேப்பை முழுதாகப் படிக்க 12.5 மணி நேரம் ஆகும். நூறு டேப், ஒரே டிரைவ் என்றால் இரவும் பகலுமாக 52 நாள்.

அந்தச் சின்னக் குறிப்பை அதன் சொந்த இயந்திரத்துக்கு வெளியே எப்படிக் கொண்டுபோய் வைப்பது என்ற கேள்வியோடுதான் பேக்கப் தொழில் அரை நூற்றாண்டாக மல்லுக்கட்டி வருகிறது. ஒவ்வொரு தலைமுறையும் ஒரு விடை கண்டுபிடித்தது. அந்த விடையே அடுத்த தலைமுறைக்குப் புதுச் சிக்கலாகவும் வந்து நின்றது.

அட்டவணை இல்லாமல் ஆவணம் எரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு, காகித உலகத்திலிருந்தே பெரிய சான்று உண்டு. 1973 ஜூலை 12, நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில், அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரை ஒட்டிய ஓவர்லேண்டில், தேசியப் பணியாளர் ஆவண மையத்தின் ஆறாம் தளத்தில் தீப்பிடித்தது. ராணுவத்திலும் விமானப் படையிலும் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களின் கோப்புகள் அங்கே அடுக்கப்பட்டிருந்தன. 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரையிலான கோப்புகள் அழிந்தன. 1912க்கும் 1960க்கும் இடையில் விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் 80 சதவீதம் போயிற்று. அவற்றுக்கு இரண்டாவது பிரதி கிடையாது, மைக்ரோஃபிலிம் கிடையாது. அட்டவணையும் கிடையாது. யார் யாருடைய கோப்புகள் எரிந்தன என்ற முழுப் பட்டியலைக்கூட மையத்தால் தர முடியவில்லை. போதாக்குறைக்கு, தீக்கு முன்பே லட்சக்கணக்கான ஆவணங்கள் முன்னாள் படைவீரர் நலத் துறைக்கு இரவலாகப் போயிருந்தன.

தண்ணீரில் ஊறிப் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிய கோப்புகளை உலர்த்த, விண்கலச் சோதனைக்காக மெக்டானல் டக்ளஸ் விமான நிறுவனம் கட்டியிருந்த வெற்றிட அறையைப் பயன்படுத்தினார்கள். சுமார் 65 லட்சம் கோப்புகள் தப்பின. அவற்றுக்குப் பிறகு புது அட்டவணை போட்டார்கள். கோப்பு எரிந்துபோனவர்களின் பணிக்காலத்தை நிரூபிக்க, சம்பளச் சீட்டு, மருத்துவமனைப் பதிவு, மாநில அரசிடம் இருந்த ஆவணம் என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்துத் தைக்கும் வேலை இன்றுவரை நடக்கிறது. ஓய்வூதியமோ மருத்துவச் சலுகையோ கேட்டு வரும் ஒரு முதியவர், தான் பட்டாளத்தில் இருந்ததைத் தானே மெய்ப்பிக்க வேண்டிய நிலை. பேக்கப் என்பது கம்ப்யூட்டர்காரர்களின் உள்விவகாரம் என்று நினைப்பவர்கள் அந்த முதியவரை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆவணங்களைத் தொலைவில் கொண்டுபோய் வைப்பது அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே தொழிலாகிவிட்டது. நியூயார்க் மாநிலத்தில் காளான் வளர்த்துப் பெரும் பணம் சம்பாதித்தவர் ஹெர்மன் க்னாஸ்ட். காளானுக்கு இருட்டும் குளிர்ச்சியும் வேண்டும் என்பதால் 1936ல் லிவிங்ஸ்டன் என்ற ஊரில், தோண்டி முடித்துக் கைவிட்ட இரும்புச் சுரங்கம் ஒன்றை வாங்கியிருந்தார். உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவிலிருந்து வந்த யூத அகதிகள் பலர் அடையாள ஆவணம் எதுவும் இல்லாமல் வந்ததை அவர் கண்டார். அணுகுண்டுப் பயம் வேறு நாட்டைப் பிடித்து ஆட்டியது. 1951ல் அதே சுரங்கத்தில் ‘அயர்ன் மவுண்டன் அணு சேமிப்புக் கழகம்’ தொடங்கியது. முதல் வாடிக்கையாளரான ஈஸ்ட் ரிவர் சேமிப்பு வங்கி, வைப்புக் கணக்குகளின் மைக்ரோஃபிலிமையும் கையெழுத்து அட்டைகளின் நகலையும் கவச வண்டியில் ஏற்றி அனுப்பியது. பின்னாளில் உலகமெங்கும் பேக்கப் டேப்புகளை வாங்கி வைத்துக்கொள்ளும் அயர்ன் மவுண்டன் அதுவேதான்.

டேப் என்ற பொருளும் ஏறக்குறைய அதே நேரத்தில் வந்தது. யூனிவாக்கின் யூனிசர்வோ 1951ல், ஐபிஎம் 726 அதற்கு அடுத்த ஆண்டு. மெயின்ஃபிரேம் காலத்து டேப் அறையில் சுருள்கள் வட்ட வட்டமாகத் தொங்கும். ஒவ்வொரு சுருளின் பின்பக்கமும் ஒரு பிளாஸ்டிக் வளையம் பொருந்தும் பள்ளம் உண்டு. வளையம் இருந்தால் எழுதலாம். கழற்றிவிட்டால் டிரைவ் எழுதவே செய்யாது. பேக்கப் எடுத்த கையோடு வளையத்தைக் கழற்றுவது ஆபரேட்டரின் அனிச்சைச் செயல். இன்றைய ‘மாற்ற முடியாத சேமிப்பு’ என்ற விளம்பரங்களைப் பார்க்கும்போது அந்த வளையம் நினைவுக்கு வராமல் இருக்காது. எந்தச் சுருள் எங்கே இருக்கிறது என்ற கணக்கு டேப் லைப்ரேரியனின் அட்டைகளில் இருந்தது.

டேப்புகள் பெருகி அட்டைகள் சமாளிக்க முடியாமல் போனபோது, கணக்கு கணினிக்குள் புகுந்தது. டல்லாஸ் நகரின் யுனிவர்சிட்டி கம்ப்யூட்டிங் கம்பெனி உருவாக்கிய யுசிசி-1 போன்ற டேப் மேலாண்மை மென்பொருள்கள், எல்லா டேப்புகளின் பட்டியலையும் டிஸ்க்கில் வைத்துக்கொண்டன. எந்த டேப்பை அழித்து மறுபடி எழுதலாம், எதைத் தொடக்கூடாது என்று தீர்மானிப்பது அந்தப் பட்டியல்தான். பட்டியல் பழுதானால் நல்ல டேப்பின் மேலேயே புது வேலை எழுதப்பட்டுவிடும் அபாயம் வந்தது. அட்டை காலத்தில் இல்லாத அபாயம் இது.

ஐபிஎம்மின் ஹெச்எஸ்எம் என்ற சேமிப்பு மேலாண்மை மென்பொருள் இந்த அபாயத்தை முறையாக எதிர்கொண்டது. அதனிடம் மூன்று கட்டுப்பாட்டுத் தொகுப்புகள் உண்டு: இடம்பெயர்ந்த தரவுக்கு ஒன்று, பேக்கப் பிரதிகளுக்கு ஒன்று, டேப்புகளுக்கு ஒன்று. இவை தவிர ஜர்னல் என்றொரு கோப்பு. தொகுப்புகளில் ஏற்படும் ஒவ்வொரு மாற்றமும் ஜர்னலிலும் எழுதப்படும்; ஜர்னல் வேறொரு டிஸ்க்கில் இருக்க வேண்டும். தினசரி தானியங்கி பேக்கப் தொடங்கும்போது ஹெச்எஸ்எம் முதலில் எடுப்பது தன் சொந்தத் தொகுப்புகளின் நகலை. அதன் பிறகுதான் ஊரார் தரவு. இரவின் நடுவில் டிஸ்க் போனால், மாலை எடுத்த நகலை மீட்டு, அதன் மேல் ஜர்னலை ஓட்டினால் விபத்துக்கு முந்தைய நொடிவரை கணக்கு நேராகிவிடும். சாவியை முதலில் பத்திரப்படுத்திவிட்டுக் கதவைத் திறக்கும் இந்த ஒழுக்கத்தை, பின்னால் வந்த பல மென்பொருள்கள் நெடுநாள் கழித்தே எட்டின.

யூனிக்ஸ் உலகம் ஏழையாகத் தொடங்கியது. ‘டம்ப்’ என்ற கட்டளை 1975ன் ஆறாம் பதிப்பிலும், ‘டார்’ 1979ன் ஏழாம் பதிப்பிலும் வந்தன. ‘டம்ப்டேட்ஸ்’ என்ற சிறு கோப்பு, எந்தக் கோப்பு முறைமை எந்த நிலையில் எந்த நாளில் நகலெடுக்கப்பட்டது என்பதை மட்டும் குறித்து வைக்கும். எந்த டேப் என்பதை அது சொல்லாது. அது அட்மினின் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும், அல்லது டேப்பின் முதுகில் பேனாவால் எழுதிய சீட்டில். பத்து இயந்திரம் வரை இது போதும். 1980களின் இறுதியில் ஒரு பொறியியல் கூடத்திலேயே நூற்றுக்கணக்கான ஒர்க்ஸ்டேஷன்கள் வந்து உட்கார்ந்தபோது நோட்டு போதவில்லை. கார் கம்பெனியான கிரைஸ்லர் 1987ல் கன்ட்ரோல் டேட்டாவிடம் கேட்டு எழுதி வாங்கிய மென்பொருள்தான், கை பல மாறி வெரிடாஸ் நெட்பேக்கப் ஆனது. சன் மைக்ரோசிஸ்டம்ஸிலிருந்து வெளியேறிய பொறியாளர்கள் 1988ல் லெகாட்டோவைத் தொடங்கினார்கள். மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் அமாண்டா பிறந்தது. இவை எல்லாவற்றிலும் ஒரு மைய சர்வரும், அதனிடம் ஒரு கேட்டலாக்கும் இருந்தன.

ஐபிஎம் 1993ல் ஆட்ஸ்எம் என்ற பெயரில் கொண்டுவந்ததும், 1999ல் டிவோலி ஸ்டோரேஜ் மேனேஜர் என்று பெயர் மாறியதுமான மென்பொருள் இதில் தனி இனம். அதற்கு டேட்டாபேஸ்தான் உயிர். முதல்முறை முழுதாக எடுத்துவிட்டு, பிறகு என்றென்றும் மாறிய கோப்புகளை மட்டும் எடுப்பது அதன் வழி. ஆகவே ஒரு பயனரின் கோப்புகள் ஆண்டுக்கணக்கில் பல டேப்புகளில் சிதறிக் கிடக்கும். மற்ற மென்பொருள்களில் கேட்டலாக் போனால் டேப்பைப் படித்துப் பார்த்துக் கட்டியெழுப்ப ஒரு வழியாவது உண்டு. இங்கே டேட்டாபேஸ் போனால் டேப்புகளில் மிஞ்சுவது வெறும் பிட்டுகள்.

அதனால்தானோ என்னவோ, பேக்கப் சர்வரின் பேரிடர் மீட்பை ஒரு முழு வேலையாகக் கருதியதும் இந்த மென்பொருள்தான். டிஆர்எம் என்ற அதன் பகுதியில் ‘பிரிப்பேர்’ என்று கட்டளையிட்டால், நீண்ட உரைக்கோப்பு ஒன்று உருவாகும். டேட்டாபேஸின் கடைசி நகல் எந்த டேப்பில், டேப் நூலகத்தின் அமைப்பு என்ன, எந்தெந்த டேப்புகள் வெளியூர்ப் பெட்டகத்தில் இருக்கின்றன, மீட்க ஓட்ட வேண்டிய ஸ்கிரிப்ட் எது, யாருக்குத் தொலைபேச வேண்டும் என எல்லாம் அதில் அத்தியாயம் அத்தியாயமாக இருக்கும். அதைத் தனித்தனிக் கோப்பாகப் பிரிக்க ஓர் ‘ஆக்’ நிரலையும் சேர்த்தே கொடுத்தார்கள். புது இயந்திரத்தில் வேறெதுவும் இல்லாவிட்டாலும் அது ஓடும் என்பதுதான் காரணம்.

டேப்பின் பயணத்தையும் டிஆர்எம் கவனித்தது. எழுதி முடித்த டேப் முதலில் நூலகத்தில் ‘மவுண்டபிள்’ நிலையில் இருக்கும். வெளியே எடுத்ததும் ‘நாட்மவுண்டபிள்’, வண்டியில் ஏறியதும் ‘கூரியர்’, போய்ச் சேர்ந்ததும் ‘வால்ட்’. காலாவதியானதும் இதே பாதையில் திரும்பி வர வேண்டும், அதற்கும் மூன்று நிலைகள். டேட்டாபேஸ் நகல் இருக்கும் டேப்பும் அதே பெட்டியில் பயணம் செய்யும். அந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்று சொல்லும் திட்டக் கோப்பு மட்டும் வேறு வழியாகப் போக வேண்டும். இதை மறந்து, திட்டக் கோப்பை சர்வரின் சொந்த டிஸ்க்கிலேயே விட்டுவைப்பது எளிதில் நேரும் பிசகு.

ஆரக்கிள் டேட்டாபேஸ் பக்கத்திலும் இதே கதை ஓர் எண்ணாக வந்தது. அதன் பேக்கப் கருவியான ஆர்மேன், எடுத்த நகல்களின் கணக்கை டேட்டாபேஸின் கன்ட்ரோல் ஃபைலிலேயே எழுதிவைக்கும். கன்ட்ரோல் ஃபைலும் சேர்ந்து அழிந்தால்? தனியே ஒரு ரெகவரி கேட்டலாக் வைத்திராதவர்கள், ‘டிபிஐடி’ என்ற டேட்டாபேஸ் அடையாள எண்ணைச் சொன்னால்தான் ஆர்மேன் தேடத் தொடங்கும். அந்த எண் டேட்டாபேஸுக்குள்தான் இருக்கிறது, டேட்டாபேஸோ இல்லை. இதற்கு 9ஐ பதிப்பில் ஆரக்கிள் கண்ட வழி மிக அழகானது. கன்ட்ரோல் ஃபைலின் நகலைத் தானாக எடுக்கும்போது, கோப்பின் பெயரிலேயே அந்த எண்ணையும் தேதியையும் வரிசை எண்ணையும் பொதித்துவிட்டார்கள். பெயரைப் படித்தாலே எண் கிடைக்கும். எண் கிடைத்தால் மற்றதெல்லாம் கிடைக்கும். எந்த மென்பொருளும் ஓடாத நிலையிலும் மனிதக் கண் படிக்கக்கூடிய இடத்தில் சாவியை வைப்பது, நெட்வொர்க்கரின் தாள் செய்த அதே வேலை.

கெர்ன் சிபால்ட் 2000ல் எழுதத் தொடங்கி 2002ல் வெளியிட்ட பாக்குலா என்ற கட்டற்ற மென்பொருளில், நிறுவியவுடனே ‘பேக்கப்கேட்டலாக்’ என்ற வேலை ஒன்று தயாராக இருக்கும். மற்ற எல்லா வேலையும் முடிந்த பிறகு கடைசியாக ஓடும்படி அதற்கு முன்னுரிமை எண் போட்டிருப்பார்கள். ஹெச்எஸ்எம் முதலில் செய்ததை இது கடைசியில் செய்வதற்குக் காரணம் உண்டு. இங்கே தனி ஜர்னல் இல்லை. இரவு நடந்த எல்லா எழுத்தும் கேட்டலாக்கில் ஏறிய பிறகு நகலெடுத்தால்தான் இன்றைய டேப்புகளும் அதில் இடம்பெறும். முதலில் எடுத்தால் மீண்டு வரும் சர்வருக்கு நேற்று வரைதான் நினைவிருக்கும்.

நெட்பேக்கப்பில் வேறொரு தொல்லை. அதன் பழைய முறைப்படி கேட்டலாக்கை நகலெடுக்க வேண்டுமானால் வேறு பேக்கப் எதுவும் ஓடக்கூடாது. நிறுவனங்கள் வளர வளர கேட்டலாக்கும் வளர்ந்தது; ஓய்வாக இருக்கும் இரவு நேரம் மறைந்துபோனது. 2005ல் வந்த 6.0 பதிப்பு, வேலை நடக்கும்போதே கேட்டலாக்கை எடுக்க வழிசெய்தது. கூடவே ஒவ்வொரு கேட்டலாக் பேக்கப் முடிந்ததும், எந்த மீடியா வேண்டும், எப்படி மீட்பது என்ற விவரங்களோடு அட்மினுக்கு மின்னஞ்சல் போனது. தாளின் இடத்தை மின்னஞ்சல் பிடித்தது.

அதே 2005ல் வேறு ஒரு நெருக்கடி வந்தது. பிப்ரவரியில் பேங்க் ஆஃப் அமெரிக்கா, 12 லட்சம் அரசு ஊழியர்களின் விவரம் அடங்கிய டேப்புகள் வழியில் காணாமல் போனதாக அறிவித்தது. மே மாதம் டைம் வார்னர் நிறுவனம், 6 லட்சம் ஊழியர்கள், முன்னாள் ஊழியர்களின் விவரம் கொண்ட 40 டேப்புகள் தொலைந்ததாகச் சொன்னது. டேப்புகள் அதற்கு முன்பும் தொலைந்திருக்கும். ஆனால் 2003 ஜூலையில் அமலுக்கு வந்த கலிபோர்னியச் சட்டம், பாதிக்கப்பட்டவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்றது. தரவு என்கிரிப்ட் செய்யப்பட்டிருந்தால் சொல்ல வேண்டியதில்லை என்று விலக்கும் தந்தது. அந்த ஒரு விலக்கு பேக்கப் தொழிலைத் திருப்பிப் போட்டது. 2007ல் வந்த எல்டிஓ-4 டிரைவ்களில் என்கிரிப்ஷன் டிரைவுக்குள்ளேயே வந்துவிட்டது.

இனி கேட்டலாக் மட்டும் கையில் இருந்தால் போதாது, சாவியும் வேண்டும். சாவிகளை வைத்திருக்கும் சர்வருக்கும் பேக்கப் எடுக்க வேண்டும். அந்த பேக்கப், அதே சாவியால் பூட்டிய டேப்பிலேயே போய் உட்கார்ந்தால் யாராலும் திறக்க முடியாது. இந்த முட்டுக்கட்டையை ஐபிஎம் கையேடுகள் ‘என்கிரிப்ஷன் டெட்லாக்’ என்று பெயரிட்டே எச்சரித்தன. சாவி சர்வர்களில் ஒன்றாவது, என்கிரிப்ட் செய்த சேமிப்பைச் சாராமல் தனியே நிற்க வேண்டும் என்பது விதியானது. நெட்பேக்கப் 8.1 முதல், கேட்டலாக்கோடு சர்வரின் அடையாளச் சான்றிதழ்களும் பொதியாகக் கட்டப்பட்டு ஒரு கடவுத்தொடரால் பூட்டப்படுகின்றன. அதை மறந்துவிட்டால் அந்தப் பொதியைத் திறக்க வழி கிடையாது. போர்க் என்ற கட்டற்ற மென்பொருளின் ஆசிரியர்கள் இன்னும் தெளிவாக யோசித்தார்கள். சாவியைக் காகிதத்தில் அச்சிட்டு வைக்க அதில் ஒரு கட்டளை உண்டு. திரும்பத் தட்டச்சு செய்யும்போது ஒவ்வொரு வரியையும் சரிபார்க்க வரிக்கு வரி சோதனை எழுத்துகளும் சேர்ந்தே அச்சாகும்.

தீயும் வெள்ளமும் கண்ணில்லாதவை. மனித எதிரிக்குக் கண் உண்டு. அவன் பேக்கப்பைத் தேடி வருவான். 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் அமேசான் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் ஒருவன் புகுந்தான். பணம் கேட்டு மிரட்டியவன், அவர்கள் பலகையைத் திரும்பப் பிடிக்க முயன்றபோது, சர்வர்களையும் அவற்றின் ஸ்னாப்ஷாட்களையும் சேமிப்புக் கிடங்குகளையும் அழிக்கத் தொடங்கினான். தரவும் நகலும் ஒரே பலகையிலிருந்து ஆளப்பட்டன. பன்னிரண்டு மணி நேரத்தில் நிறுவனம் இனி இயங்க முடியாத நிலைக்குப் போய்க் கடையைச் சாத்தியது.

2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற நாசகார நிரல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியபோது நடந்தது இன்னும் நுட்பமானது. பல சர்வர்களுக்கு நகல் இருந்தது. ஆனால் யார் யார், யாருக்கு எந்த அனுமதி என்ற குறிப்பை வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலர்களுக்குத் தனி நகல் இல்லை. சுமார் 150 கன்ட்ரோலர்கள் ஒன்றையொன்று பார்த்து ஒத்திசைந்துகொள்ளும். ஒன்று போனால் மற்றது இருக்கிறது என்று நம்பியிருந்தார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் அழிந்தன. மிஞ்சியது கானா அலுவலகத்தில் ஒன்றே ஒன்று. தாக்குதல் நேரத்தில் அங்கே மின்வெட்டு, அதனால் பிணையத்திலிருந்து விடுபட்டிருந்தது. கானாவிலிருந்து இங்கிலாந்துக்குத் தரவை அனுப்ப இணைய வேகம் போதவில்லை. அங்கிருந்தவர்களிடம் பிரிட்டன் விசாவும் இல்லை. கானா ஊழியர் நைஜீரியாவுக்குப் பறந்து, விமான நிலையத்தில் இன்னொருவரிடம் ஹார்ட் டிஸ்க்கை ஒப்படைக்க, அவர் லண்டனுக்கு எடுத்துப் போனார். அதை வைத்து 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாளில் மறுபடி நிறுவினார்கள்.

பேக்கப் சர்வரை நிறுவனத்தின் டொமைனில் சேர்க்காமல் தனியே வையுங்கள் என்று பாதுகாப்பு ஆலோசகர்கள் சொல்வதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். டொமைன் போன அன்று பேக்கப் சர்வருக்குள் நுழையவே டொமைன் கடவுச்சொல் தேவை என்றால், மீட்பவர் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். திருடர்களுக்கும் இது தெரியும். வீம் பேக்கப் மென்பொருளில் 2024 செப்டம்பரில் வெளியான ஓட்டை ஒன்று பத்துக்கு 9.8 தீவிரம் என மதிப்பிடப்பட்டது. சில வாரங்களிலேயே அகிரா, ஃபாக் ஆகிய பிணைத்தொகைக் கும்பல்கள் அதன் வழியாக நுழைந்தன.

எதிரியே இல்லாமலும் வீழ்ச்சி வரும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்பகத்தை அழித்துவிட்டார். தினசரி நகலைத் தேடியபோது கிடங்கு காலி. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, நகலெடுக்கும் கருவியோ 9.2, அதனால் ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. அனுப்புநர் சரிபார்ப்பில் தேறாததால் பெறும் இடம் அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டது. சோதனைச் சூழலுக்காக ஒருவர் ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஸ்னாப்ஷாட் காப்பாற்றியது. கேட்டலாக் விவரங்களை மின்னஞ்சலை நம்பி அனுப்பும் எவரும் இந்த நிகழ்வை ஒருமுறை படிப்பது நல்லது. அஞ்சல் சர்வரும் அதே கட்டடத்தில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பிரான்சின் ஸ்ட்ராஸ்பூரில் 2021 மார்ச் 10 அன்று ஓவிஹெச் நிறுவனத்தின் ஐந்து மாடித் தரவு மையம் எரிந்தபோது, நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள்.

தொலைவில் மாற்று மையம் இருந்தும் பயன்படாமல் போவதுண்டு. தேசியப் பங்குச் சந்தையின் முதன்மை மையம் மும்பையில், பேரிடர் மையம் சென்னையில். 2021 பிப்ரவரி 24 அன்று தொலைத்தொடர்பு இணைப்புகள் தடுமாறியதில் சேமிப்பு அமைப்பு சிக்கி, இடர் மேலாண்மை அமைப்பு நின்றது. வணிகம் ஏறக்குறைய நான்கு மணி நேரம் முடங்கியது. ஆனாலும் சென்னைக்கு மாறவில்லை. அதன் பிறகு செபி நேரத்தை எண்களால் கட்டியது: சிக்கல் எழுந்து 30 நிமிடத்துக்குள் பேரிடர் என அறிவிக்க வேண்டும், அறிவித்து 45 நிமிடத்துக்குள் மாற்று மையத்திலிருந்து இயங்க வேண்டும். 2024 மார்ச் 2, சனிக்கிழமை, சந்தையைச் சிறப்பு அமர்வாகத் திறந்து, முதல் பகுதியை முதன்மை மையத்திலும் அடுத்ததைப் பேரிடர் மையத்திலும் நடத்திப் பார்த்தார்கள். உண்மையான பணத்தோடு நடந்த ஒத்திகை அது.

பேக்கப் சர்வருக்கான ஒத்திகை இவ்வளவு ஆரவாரமாக நடப்பதில்லை. வெற்று இயந்திரம் ஒன்றைக் கொடுத்து, வழக்கமாக அதைக் கவனிப்பவரை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, வேறொருவரை எழுதிவைத்த திட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு கட்டச் சொல்வார்கள். அப்போதுதான் சில்லறை விஷயங்கள் தலைகாட்டும். மென்பொருளின் பதிப்பு பழைய சர்வரில் இருந்ததோடு அச்சொட்டாகப் பொருந்த வேண்டும்; அந்தப் பதிப்பின் நிறுவல் கோப்பு தயாரிப்பாளரின் தளத்தில் இப்போது கிடைக்காமல் இருக்கலாம், உள்ளூர்ப் பிரதியோ மீட்கப்பட வேண்டிய கோப்பு சர்வருக்குள் கிடக்கும். புது இயந்திரத்துக்குப் பழைய பெயரையே வைத்தால்தான் நெட்பேக்கப் கேட்டலாக்கை ஏற்றுக்கொள்ளும். பெயரைத் தீர்த்துத் தரும் டிஎன்எஸ் சர்வரும் விழுந்துகிடந்தால் ஹோஸ்ட்ஸ் கோப்பில் கையால் எழுத வேண்டும், அதற்கு முகவரிப் பட்டியல் வேண்டும். டேப் பெட்டகத்துக்குத் தொலைபேசினால், பெட்டியை விடுவிக்க அதிகாரம் பெற்றவர்களின் பெயர்ப் பட்டியலில் எப்போதோ வேலையை விட்டுப் போனவர்தான் இருப்பார். கடவுத்தொடர் உறையைத் திறக்க இருவர் வேண்டுமென்றால், அந்த இருவரில் ஒருவர் விடுப்பில் இருப்பார்.

ஒவ்வொன்றையும் குறித்து, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் பெயரும் தேதியும் போட்டு, நிறுவல் கோப்பு, உரிமச் சாவி, முகவரிப் பட்டியல், புதுப்பித்த பெயர்ப் பட்டியல் எல்லாவற்றையும் கேட்டலாக் நகலோடு ஒரே பெட்டியில் சேர்த்து வேறு ஊருக்கு அனுப்புகிறார்கள். மென்பொருளின் அடுத்த பதிப்பு வந்து நிறுவியதும் அந்தப் பெட்டியை வரவழைத்து மறுபடியும் முதலிலிருந்து கட்டிப் பார்க்கிறார்கள்.